இடதுபக்கத்துப் பெட்டி

வில்லியனூர் கடைத்தெருவில் பஸ் நின்ற பிறகும் ஜெயமணி இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். கீழே இறங்கிவிட்ட இராமச்சந்திரன் மறுபடி ஏறி வந்து அவள் தோளைத் தொட்டான்.

"ஊரு வந்துடுச்சு ஜெயா."

"ம்" என்று எழுந்தாள்.

மாமியார் விசாலாட்சிக்குக் காரியம் முடிந்தபின் அவள் வெளியே வருவது அதுதான் முதல் தடவை. வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்த மாமியார். பக்கவாதம் வந்து பேச்சு போய், கை கால் போய், கண் மட்டும் மிஞ்சியவள். கஞ்சி ஊட்டியது, துடைத்தது, பவுடர் போட்டது எல்லாம் ஜெயமணிதான். புரட்டிப் படுக்கவைக்கும்போது மட்டும் இராமச்சந்திரன் மண்டியிலிருந்து வந்து ஒரு கை பிடிப்பான். திருக்கனூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் எள்ளும் வாங்கி விற்கிற மண்டி, அதற்குப் பின்னாலேயே வீடு. பிள்ளைகுட்டி இல்லை.

மாமியார் செத்த அன்று உறவுக்காரர்கள் மாரடித்து அழுதார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் அழுகை வரவில்லை. அப்பாடா என்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு மரத்துக் கிடக்குமே, அந்த மாதிரி உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. இன்னும் தெளியவில்லை.

அதன் பிறகு வீட்டில் வேலை இல்லாமல் போனது. கஞ்சி ஊட்டும் நேரம் வந்தால் ஜெயமணி எழுந்து நிற்பாள். எதற்கு எழுந்தோம் என்று புரிந்ததும் உட்கார்ந்துகொள்வாள். இராமச்சந்திரன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னான்.

"நாம ரெண்டு பேரும் ஒண்ணா சினிமாவுக்குப் போயி எம்மாம் நாளாச்சு. இனிமே போயி வரிசையில நிக்கறதெல்லாம் நமக்கு ஆவாது. சினிமாவ வூட்டுக்கே கொண்டாந்துடலாம். வீடியோ டெக்கு, கலர் டிவி, நல்ல ஸ்பீக்கரு. அம்மா ரூம்பு சும்மாதான கெடக்குது."

ஜெயமணி சரி என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

வில்லியனூரில் அவர்கள் தேடிப் போன தங்கவேலின் கடை நீளமாக, இருட்டாக இருந்தது. உருகிய ஈயத்தின் வாசனையும் புது அட்டைப்பெட்டி வாசனையும் கலந்து அடித்தது. கல்யாண வீடுகளுக்கு டெக் வாடகைக்கு விடுகிறவன் அவன். கேட்கிறவர்களுக்கு வீட்டிலேயே செட்டு அமைத்தும் கொடுப்பான். வாய் ஓயாத ஆள்.

"படம் டிவியில தெரியும்ண்ணே. ஆனா சினிமா ஸ்பீக்கர்லதான் இருக்குது. டிவிக்குள்ள இருக்கிற ஸ்பீக்கரு வெறும் தகர டப்பா. டெக்குலேருந்து ஒயர் இழுத்து ஆம்ப்ளிபையர்ல குடுத்து, ரெண்டு பக்கமும் பெட்டி வெச்சிட்டோம்னா, டூரிங் கொட்டாயில நடு பெஞ்சில உக்காந்த மாதிரி இருக்கும். கூடவே ஒரு ரெக்கார்டு பிளேயரும் வெச்சுக்குங்க. படம் இல்லாத நாள்ல தட்டு போட்டுக் கேக்கலாம்."

இரண்டு ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகளை எதிரும் புதிருமாக வைத்து, நடுவில் ஒரு இரும்பு நாற்காலி போட்டு ஜெயமணியை உட்காரச் சொன்னான். பிளேயரில் ஒரு இசைத்தட்டை வைத்து முள்ளை இறக்கினான். முதல் ஜோடியில் கொஞ்ச நேரம், அடுத்த ஜோடியில் கொஞ்ச நேரம்.

"எது நல்லா இருக்குதுக்கா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது."

சத்தத்தைக் கூட்டினான். தவில் அடித்தது. நாற்காலியின் கால் அதிர்ந்தது. சத்தம் அவள் மார்பு வரைக்கும் வந்து, உள்ளே போக வழியில்லாமல் திரும்பிப் போனது. வேறு தட்டு மாற்றினான். புல்லாங்குழல். அதுவும் அப்படித்தான்.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் முள் வெறும் கோட்டில் ஓடியது. முதல் ஜோடியில் அந்த இடத்தில் ஒரு இரைச்சல் இருந்தது. பால் பொங்குவதற்கு முன்னால் வருகிற மாதிரி. இரண்டாவது ஜோடிக்கு மாற்றி அதே இடத்தை மறுபடி ஓட்டியபோது ஒன்றும் இல்லை. பானையை மூடியால் மூடினாற்போல் இருந்தது.

ஜெயமணி தலையைத் தூக்கினாள்.

"இது."

"பாட்டு இன்னும் ஆரம்பிக்கலியேக்கா."

"ஒண்ணும் இல்லாதப்ப இதுல ஒண்ணுமே கேக்கல. இதையே குடுங்க."

தங்கவேல் சிரித்தான். இராமச்சந்திரன் சிரிக்கவில்லை. அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

டெம்போவில் சாமான் வந்து இறங்கியது ஒரு வெயில் மத்தியானத்தில். மாமியார் கிடந்த அறை வீட்டின் கடைசியில், சந்துப் பக்கம் பார்த்த ஒரே ஜன்னலோடு இருந்தது. கட்டில், மெத்தை, போர்வை எல்லாம் காரியத்தன்றே கொடுத்தாகிவிட்டது. பினாயில் ஊற்றிக் கழுவி, சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அப்படியும் உள்ளே போனதும் டெட்டாலும் பவுடரும் அடித்தது. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை. தங்கவேல் ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றான்.

ஜன்னலுக்குச் சாக்கு கட்டி வெளிச்சத்தை அடைத்தான். நடுவில் டிவி, அதன் கீழே டெக்கும் ஆம்ப்ளிபையரும் பிளேயரும். ஜன்னலோரம் வலதுபக்கப் பெட்டி. எதிர் மூலையில் இடதுபக்கப் பெட்டி. கட்டிலின் தலைமாடு இருந்த மூலை அது.

"கதவ சாத்திட்டா பகல்லயே கொட்டாய் இருட்டுக்கா," என்றான். சாத்திக் காட்டினான்.

அந்த இருட்டு ஜெயமணிக்குப் பழக்கமானது. மாமியாருக்கு வெளிச்சம் கண்ணில் படக்கூடாது என்று அவளே எத்தனையோ நாள் அந்த ஜன்னலைச் சாத்தியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டி கிடையாது. சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். வாடகைக்கு எடுத்துவந்த குடும்பப் படம். சண்டை வந்தது, பாட்டு வந்தது, யாரோ யாரையோ வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். இருவரும் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தில் மழை நின்றது. கதாநாயகி வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இசையும் நின்றது.

டொக். டொக்.

ஜெயமணிக்கு அடுத்துத் தெரிந்தது சமையற்கட்டு. பானையிலிருந்து தண்ணீர் மொண்டு, மூக்கு வைத்த கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள், எப்படி நடந்தாள் என்று நினைவில்லை. கைதான் வேலை செய்துகொண்டிருந்தது.

மாமியார் படுக்கையில் விழுந்த கொஞ்ச நாளிலேயே அந்தத் தட்டல் வந்துவிட்டது. இரண்டு தட்டினால் தண்ணீர். மூன்று தட்டினால் புரட்டிப் போட வேண்டும். கட்டில் சட்டத்தைத் தட்டுகிற சத்தம் போர்வைக்குள்ளிருந்து வரும். பாண்டிச்சேரியில் பார்த்த பெரிய டாக்டர், இரண்டு கையும் இனி வராது என்று சொல்லியிருந்தார். தட்டல் கேட்டதும், டாக்டருக்கு என்ன தெரியும், ஒரு விரலாவது திரும்பிவிட்டது என்று இவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

கிண்ணத்தோடு அறைக்குத் திரும்பி வந்தாள். கொடுக்க ஆள் இல்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து, கிண்ணத்தை இடதுபக்கப் பெட்டிக்கு முன்னால் வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். இராமச்சந்திரன் அவளையும் கிண்ணத்தையும் பார்த்தான். பிறகு டிவியைப் பார்த்தான்.

படம் முடிந்து கதவைத் திறந்தபோது கிண்ணம் காலியாக இருந்தது.

"நீ குடிச்சியா?"

"தெரியல."

அவள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மறுநாளும் போட்டார்கள். மண்டியிலிருந்து சாப்பிட வருகிற நேரத்தில் இராமச்சந்திரன் ஏதாவது ஒரு கேசட் வாங்கி வருவான். என்ன படம் என்று அவளும் கேட்பதில்லை. படத்தில் எங்கே சத்தம் ஓய்ந்தாலும் இடதுபக்கப் பெட்டியிலிருந்து தட்டல் வந்தது. ஜெயமணி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கிண்ணம் காலியானது. இதைப் பயம் என்று சொல்ல முடியாது. விட்ட வேலையைக் கை மறுபடி எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். நேரத்துக்கு எழுந்து நிற்பதும், எதற்கு என்று தெரியாமல் உட்காருவதும் நின்றுபோயிருந்தது.

பிறகு ஒருநாள் மூன்று தட்டு வந்தது.

இரண்டு பேரும் எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவள் தலைமாட்டுப் பக்கம் போனாள், அவன் கால்மாட்டுப் பக்கம். டிவியின் நீல வெளிச்சத்தில் வெறும் தரை தெரிந்தது. குனிந்து, இல்லாத போர்வையின் முனைகளை ஆளுக்கு இரண்டாகப் பிடித்தார்கள். எப்போதும்போல் அவன் மெல்லச் சொன்னான்.

"தூக்கு."

தூக்கினார்கள்.

கையில் கனம் இருந்தது.

ஜெயமணியின் முழங்கை நடுங்கியது. இராமச்சந்திரனின் கழுத்து நரம்பு புடைத்தது. விட முடியவில்லை. விட்டால் விழுந்துவிடும். வழக்கம்போல் சுவர்ப் பக்கமாகப் புரட்டி, மெல்ல இறக்கி வைத்தார்கள். இறக்கியதும் தரையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

இராமச்சந்திரன் நிமிர்ந்தான். தன் இரண்டு உள்ளங்கையையும் டிவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பவுடர் ஒட்டியிருந்தது.

"செட்டுல கோளாறு," என்றான். "தங்கவேல வரச்சொல்றேன்."

தங்கவேல் மறுநாள் காலையிலேயே வந்தான். ஸ்பீக்கரில் இரைச்சல் என்றுதான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அவன் உற்சாகமாக ஆரம்பித்தான். கேசட்டை மாற்றிப் பார்த்தான். டெக்கைக் கழற்றிவிட்டு ரெக்கார்டு பிளேயரைக் கொடுத்தான். ஒயரை மாற்றினான். வலதுபக்கப் பெட்டியை இடதுபக்கமும் இடதுபக்கத்தை வலதுபக்கமும் வைத்தான். எந்தப் பெட்டியை வைத்தாலும் தட்டல் அந்த மூலையிலிருந்துதான் வந்தது.

"எர்த்து சரியில்லன்னா இப்பிடி வரும்," என்றான். கொஞ்சம் பொறுத்து, "எலி ஏதாச்சும் பூந்திருக்குமோ?" என்றான்.

கடைசியில் மூலையிலிருந்த பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டான். எதோடும் ஒட்டாத வெறும் மரப்பெட்டி. அதன் முன்னால் மண்டியிட்டு, துணி ஒட்டிய முகப்பில் காதை வைத்தான்.

டொக். டொக்.

அவன் காதை எடுக்கவில்லை. எடுக்க முடியாதவன்போல் அப்படியே இருந்தான். ஜெயமணி சமையற்கட்டுக்குப் போய்த் தண்ணீரோடு வந்தாள். பெட்டிக்கு முன்னால் வைத்தாள். தங்கவேல் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னாக்கா இது?"

அவள் சொன்னாள். இரண்டு தட்டு, மூன்று தட்டு, எல்லாம். சந்தைக்குப் போய் வந்த கதையைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"கையால தட்டுவாங்களா?" என்று கிசுகிசுத்தான்.

"போர்வைக்குள்ள கை இருக்கும். சத்தம் மட்டுந்தான் வரும்."

"வெரலு அசையறத நீங்க பாத்திருக்கீங்களா?"

ஜெயமணி யோசித்தாள். போர்வையை விலக்கித் துடைத்த நாட்களையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். துடைக்கும்போது அந்தக் கை ஈரத்துணி மாதிரி கிடக்கும்.

"இல்ல," என்றாள்.

தங்கவேல் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டான். "அக்கா, தட்றது பெரிய சத்தம். அதுக்கு அடியில இன்னொண்ணு இருக்குது. சின்னதா. யாரோ பேசறாப்பல. இந்தப் பெட்டியில அது தெளிவா கேக்காது. சின்ன சத்தத்த இது அமுக்கிடும்."

"எல்லாத்தையும் எடுத்துக்கினு போயிடு தங்கவேலு," என்றான் இராமச்சந்திரன். வாசற்படியைத் தாண்டி அவன் உள்ளே வரவேயில்லை.

டெம்போ வேறு வேலைக்குப் போயிருந்தது. சாமானை அடுத்த நாள் எடுப்பதாகச் சொல்லிவிட்டுத் தங்கவேல் போனான். போகும்போது வாய் ஓய்ந்திருந்தது.

விடிந்து கணவன் மண்டியைத் திறந்ததும் ஜெயமணி தனியாக வில்லியனூருக்குப் பஸ் ஏறினாள். இந்தத் தடவை ஊர் வந்ததும் தானாகவே இறங்கினாள். கடையில் அதே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இருக்கிறதுலயே சின்ன சத்தத்த எடுத்துக் குடுக்கறது எது தம்பி?"

"வேணாங்க்கா."

"அத்த பேசி எத்தினி வருசமாவுது தெரியுமா? நாந்தான் வாயில ஊட்டனேன். இது போதுமா, இன்னும் வேணுமான்னு ஒரு வார்த்த எனக்குத் தெரியாது. அவுங்க கண்ணப் பாத்து நானா நெனச்சுக்கினு செஞ்சேன். இப்ப பேசறாங்கன்னு நீ சொல்ற. நான் கேக்க வேணாமா?"

சத்தம் போடாமல் சொன்னாள். தங்கவேல் பின்கட்டிலிருந்து பெரிய ஆம்ப்ளிபையர் ஒன்றைத் தூக்கி வந்தான். அதில் அன்றைக்கு அவள் வேண்டாம் என்று விட்ட முதல் ஜோடிப் பெட்டிகளை மாட்டி, தட்டின் வெறும் கோட்டில் முள்ளை வைத்தான். இரைச்சல் கேட்டது. அதற்குள் இன்னும் நுணுக்கமாக, தட்டில் கிடந்த தூசி நொறுங்குவதுகூடக் கேட்டது. ஜெயமணி கண்ணை மூடிக் கேட்டாள். வேறு இரண்டை மாட்டச் சொல்லிக் கேட்டாள். மறுபடி முதலாவதையே மாட்டச் சொன்னாள்.

"இதுல தூசி விழறதுகூட கேக்குது. இத எடுத்துக்கினு வா."

அவளோடு தங்கவேலும் டெம்போவில் வந்தான். மத்தியான வெயில் மண்டித் தகரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. சாமான் இறங்குவதை இராமச்சந்திரன் பார்த்தான். கல்லாவைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே வந்து, அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

புதிய பெட்டிகள் பழைய இடங்களில் உட்கார்ந்தன. தங்கவேல் ஆம்ப்ளிபையரை மட்டும் போட்டான். டெக் இல்லை, இசைத்தட்டு இல்லை. கதவைப் பாதி சாத்தினான். இருட்டு.

ஜெயமணி மூலைக்கு எதிரே உட்கார்ந்து குமிழைத் திருகினாள்.

இரைச்சல் எழுந்து அறையை நிறைத்தது. டெட்டால் வாடை கூடியது. இன்னும் திருகினாள். இரைச்சலுக்குள் ஒரு மூச்சு இருந்தது. உள்ளே போகும்போது கரகரத்து, வெளியே வரும்போது விசில் அடிக்கிற மூச்சு. எத்தனையோ நாள் அவள் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு.

டொக். டொக்.

அவள் கையில் கிண்ணம் இருந்தது. தண்ணீர் நிறைய இருந்தது. எப்போது எழுந்து போய்க் கொண்டுவந்தாள் என்று மற்ற இருவருக்குத்தான் தெரியும்.

இந்தத் தடவை அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

"அத்த," என்றாள். "இன்னா வேணும் உங்களுக்கு? வாயால சொல்லுங்க."

டொக். டொக்.

இது முன்பைவிடப் பலமாக இருந்தது. பெட்டியின் துணி அதிர்ந்தது.

ஜெயமணி குமிழைக் கடைசிவரைக்கும் திருகினாள்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது. பிறகு குரல். ரொம்பத் தூரத்திலிருந்து, ரொம்பச் சிரமப்பட்டு.

"ஜெயமணி."

வாசலில் இராமச்சந்திரன் நிலையோடு சரிந்து உட்கார்ந்தான். அவனுடைய அம்மாவின் குரல்தான்.

"இருக்கேன் அத்த. சொல்லுங்க."

"தட்றது நா இல்லம்மா."

இரைச்சல். மூச்சு.

"எப்பவும் நா தட்டல. எனக்கு ஒரு சொட்டுகூட எறங்கல."

டொக். டொக்.

குரல் அதற்குப் பிறகு வரவில்லை. தட்டல் மட்டும் வந்தது. இரண்டு, மறுபடி இரண்டு, இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. மரத்தைத் தட்டுகிற சத்தம் அது. ஆனால் அந்த அறையில் கட்டில் கிடையாது. ஜெயமணியின் கை தானாக நீண்டது. கிண்ணத்தைக் கொண்டுபோய் வைக்கத்தான் நீண்டது. அவள் இன்னொரு கையால் அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்தாள். தன் கையோடு தானே மல்லுக்கட்டினாள். கிண்ணம் கவிழ்ந்தது.

தண்ணீர் தரையில் பரவவில்லை. சிமெண்டுத் தரை. விழுந்த இடத்திலேயே காணாமல் போனது, யாரோ வாய் வைத்து உறிஞ்சினாற்போல்.

தங்கவேல் பிளக்கைப் பிடுங்கினான். இரைச்சல் நின்றது.

டொக். டொக். டொக். டொக்.

மூன்று பேரும் வெளியே வந்தார்கள். இராமச்சந்திரன் கதவை இழுத்துப் பூட்டினான். மண்டிக்கு முன்னால் வெயிலில் வந்து நின்ற பிறகுதான் ஜெயமணி கவனித்தாள், தன் மணிக்கட்டை இன்னும் தானே இறுக்கிப் பிடித்திருப்பதை. விரலின் தடம் பதிந்திருந்தது. வலிக்கவில்லை.

சாமான்களை எடுக்கத் தங்கவேல் திரும்பி வரவேயில்லை. வேறு ஆட்களை அனுப்பி, பகலில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எடுத்துப் போகச் செய்தான். வந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

இராமச்சந்திரனுக்குப் பாகூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. மண்டியையும் வீட்டையும் இருசப்பன் என்கிற வியாபாரிக்கு வாடகைக்கு விட்டுவிட்டு இருவரும் அங்கே போய்விட்டார்கள். சாவியைக் கொடுக்கும்போது இராமச்சந்திரன் சொன்னான்: "அந்தக் கடைசி ரூம்புல மூட்ட மட்டும் அடுக்கிக்குங்க. ஆளு படுக்க வேணாம். அங்க இருக்கறது நல்லதுக்கில்ல." இருசப்பன் சிரித்துக்கொண்டு தலையாட்டினான்.

பாகூரில் கரும்பு போட்டார்கள். ஏரியில் தண்ணீர் இருந்தது. ஜெயமணி சமைத்தாள், துவைத்தாள், மத்தியானத்தில் தூங்கினாள். அத்தையின் குரலைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. ஒருநாள் சோற்றில் கை வைத்தபடி இராமச்சந்திரன், "எல்லாம் சரியாத்தான் செஞ்சோம், இல்ல?" என்றான். "ம்," என்றாள் அவள். "வேற யாருக்கோ செஞ்சிருக்கோம்." சாப்பிட்டு எழுந்தார்கள். அப்போதும் அழுகை வரவில்லை.

கரும்பு வெட்டு முடிந்த மாதத்தில், கோயில் குளத்துப் பக்கம் ஒரு கல்யாணச் சாப்பாட்டுப் பந்தியில் யாரோ அவள் கையைப் பிடித்தார்கள். இருசப்பனின் மனைவி அமுதம். பெண் வீட்டுக்கு ஏதோ உறவாம். முகம் முழுக்கச் சிரிப்பு.

"உங்களத்தாங்க்கா நெனச்சுக்கினு இருந்தேன். உங்க வூடு ராசியான வூடு."

"ஏம்மா?"

"எங்க மாமனாரு கெணத்தடியில விழுந்து ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. பேச்சும் போச்சு. கையி காலு வராதுன்னு டாக்டரு கைய விரிச்சுட்டாரு. கடைசி ரூம்பு குளிச்சியா இருக்குதேன்னு மூட்டையெல்லாம் எடுத்துட்டு அங்கதான் படுக்க வெச்சோம். எங்க வூட்டுக்காரரு வேணாமேன்னாரு, நாந்தான் கேக்கல. நேத்திலேருந்து ஒரு வெரலு வந்துடுச்சுக்கா. கட்டில் சட்டத்தத் தட்றாரு. எங்க வூட்டுக்காரரு அழுதே புட்டாரு."

பந்தியில் யாரோ சாம்பார் வாளியோடு கடந்துபோனார்கள். ஜெயமணி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி தட்டு தட்றாரு?"

"ரெண்டு. ரெண்டு ரெண்டாத்தான் தட்றாரு. தண்ணிக்குன்னு கண்டுபுடிச்சுட்டோம்."

ஜெயமணி அவள் பக்கம் திரும்பினாள். "அமுதம், நான் சொல்றதக் கேளு. அந்தத் தண்ணியக் குடுக்காத. இன்னிக்கே அவர அந்த ரூம்ப வுட்டு வெளிய தூக்குங்க."

அமுதத்தின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. கையை விடுவித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா இப்பிடிச் சொல்றீங்க. தாகத்துக்குக் கேக்கற மனுசனுக்குக் குடுக்காம இருப்பாங்களா? காலையிலேருந்து குடுத்துக்கினேதான் இருக்கோம். நான் கெளம்பறப்பவே ஒரு கொடம் தீந்துடுச்சு." சொல்லிவிட்டு, தனக்கே அப்போதுதான் தோன்றியதுபோல் கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா உதடு மட்டும் நனையவே மாட்டேங்குது."